கிளாசிக் 350: கோன் ஃபில்டரோடு விடுவதா, ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டுவதா?

கோவை350:

வணக்கம். என் வண்டி 2016 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்ப்பரேட்டர் மாடல். சில மாதங்களுக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். முந்தைய ஓனர் ஏர் பாக்ஸை (காற்று ஃபில்டர் உட்காரும் பெட்டி) அடியோடு கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டர் வாயிலேயே சிவப்பாக ஒரு கோன் ஃபில்டரைச் செருகிக் கிளாம்ப் போட்டிருக்கிறார். சைலன்சரும் வெளிக்கடைச் சரக்குதான். கழற்றின பாக்ஸ் எங்கே என்று கேட்டதற்கு "பரண் மேலே கிடக்கும், எடுத்துத் தரேன்" என்றார். இன்றுவரை எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

கோளாறு இதுதான். காலையில் சோக் இல்லாமல் வண்டி எழுந்திருக்காது. எழுந்த பிறகு சோக்கை உடனே விட்டால் அணைந்துவிடும். அவினாசி ரோட்டில் மூன்றாவது கியரில் ஐம்பதைத் தாண்டி, பாதி ஆக்சிலேட்டரில் போகும்போது இழுக்காமல் விக்குகிறது. சிக்னலில் சட்டென்று முறுக்கினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பீங்கான் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பொள்ளாச்சி பக்கம் போனால், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்திருந்தாலும் வண்டி தானாகத் துள்ளுகிறது, அடங்குகிறது.

எனக்குப் புரியாத விஷயம் வேறு. போன வாரம் ஊட்டி போனேன். மேட்டுப்பாளையம் வரை இதே விக்கல். குன்னூர் தாண்டினதும் வேறு வண்டியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. பாதி ஆக்சிலேட்டர் விக்கலே இல்லை, வெடிச் சத்தமும் குறைந்துபோனது. சட்டென்று முறுக்கும்போது வரும் தயக்கம் மட்டும் அங்கேயும் அப்படியே இருந்தது. கீழே இறங்கினதும் மறுபடி பழைய கதை. மலையில் மற்ற வண்டிகள் மூச்சு வாங்கும், என்னுடையது மட்டும் எப்படித் தேறியது?

ஒரு மெக்கானிக், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் துளைத் திருகைச் சொல்லி, "ஜெட் மாத்திடலாம், பறக்கும்" என்கிறார். இன்னொருவர் "பாக்ஸ் மாட்டலேன்னா என்ஜின் காலி" என்கிறார். தினமும் சூலூர் வரை வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும். ரேஸ் ஓட்டப்போவதில்லை. ஆனால் அந்த உறிஞ்சும் சத்தம் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?


ஆர்எக்ஸ்_பைத்தியம்:

ப்ரோ, பாக்ஸ் எல்லாம் வேண்டாம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள், முடிந்தது. என் ஆர்எக்ஸ் 100-ல் பாக்ஸைத் தூக்கிப் பல வருஷம் ஆகிறது. சத்தமும் அருமை, பிக்கப்பும் அருமை. கம்பெனிக்காரன் சத்தத்தை அடக்கத்தான் அந்த பிளாஸ்டிக் டப்பாவை வைக்கிறான். என்ஜின் நன்றாக மூச்சு விடட்டும்.


ஸ்பேனர்:

கோவை350 தம்பி, அந்த ஊட்டி விஷயத்தை எழுதினீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. "ஒரு மாதிரி ஓடுதுண்ணா" என்பார்கள், அவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் இரண்டு நோய் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. ஒன்று ஊட்டியில் மறைந்தது, இன்னொன்று மறையவில்லை.

மறைந்ததை முதலில் பார்ப்போம். ஊட்டி 2240 மீட்டர் உயரம், கோவை நானூற்றுச் சொச்சம். மேலே காற்று அடர்த்தி குறைவு. கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. ஏறக்குறைய அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மலை ஏற ஏறக் கலவை ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சும். கோவைக்கும் ஊட்டிக்கும் நடுவே ஏழெட்டு சதவீதம் வித்தியாசம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக டியூன் செய்த வண்டி அங்கே மந்தமாகும். உங்கள் வண்டி அங்கே தேறுகிறது என்றால், கீழே அது அந்த அளவுக்குப் பெட்ரோல் பற்றாமல் லீனாக ஓடுகிறது. வெள்ளைப் பிளக், சோக் விடமுடியாதது, வெடிச் சத்தம் எல்லாம் அதே கதைதான்.

ஏன் லீன்? "காற்று அதிகமாக வருகிறது, அதனால்" என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், கார்ப்பரேட்டர் அடியில் ஃப்ளோட் பௌல் என்ற கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கார்ப்பரேட்டர் தொண்டையில் அழுத்தம் குறைகிறது, பௌலில் குறைவதில்லை, அந்த வித்தியாசத்தில் பெட்ரோல் ஏறுகிறது. ஏர் பாக்ஸும் அதன் குறுகலான மூக்கும் காற்றை லேசாகத் தடுத்து, தொண்டையில் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தன. கம்பெனி ஜெட் சைஸ் அந்தத் தடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. பாக்ஸைத் தூக்கினால் தடை போயிற்று, உறிஞ்சலும் குறைந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டர் காற்றுக்கும் பெட்ரோல் குறைவாக வருகிறது. பாக்ஸும் கார்ப்பரேட்டரின் ஒரு பாகம்தான், கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

அப்புறம் பங்கில் இப்போது கிடைப்பது இ20. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இருபது சதவீதம் எத்தனால் கலந்தால் 13.5 அளவில் முடிந்துவிடும். அதாவது அதே ஜெட்டில் இன்னும் லீன். இன்ஜெக்ஷன் வண்டி சென்சார் வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். 2016 கார்ப்பரேட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இனி மறையாத நோய். சட்டென்று முறுக்கினால் தயக்கம், ஊட்டியிலும் அப்படியே. இது கலவைக் கோளாறாக எனக்குப் படவில்லை. உங்கள் வண்டியில் இருப்பது யூகால் மிக்குனி பிஎஸ்29, சிவி கார்ப்பரேட்டர். நீங்கள் முறுக்கும் கேபிள் ஸ்லைடை (ஊசியோடு ஏறி இறங்கும் உருளை) தூக்குவதில்லை, பட்டர்ஃபிளை என்ற தகட்டைத் தான் திறக்கிறது. ஸ்லைடைத் தூக்குவது மேலே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு. டயஃப்ரத்துக்கு மேல்பக்கம் தொண்டையின் வெற்றிடம் போகிறது. கீழ்ப்பக்கம் ஃபில்டர் பக்கத்துக் காற்று போக வேண்டும். அந்தக் காற்று போகும் வழி எங்கே இருக்கிறது தெரியுமா? கார்ப்பரேட்டர் வாயின் விளிம்பிலேயே. ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பக்கம் பெரிதாக ஒரு திறப்பு தெரியும், அதோடு சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவை ஏர் ஜெட்டுகள்.

இப்போது அந்த கோன் ஃபில்டரின் ரப்பர் கழுத்தை எடுத்து உள்பக்கம் தடவிப் பாருங்கள். பெரும்பாலான மலிவுச் சரக்கில் உள்ளே ஒரு உதடு மடிந்து நிற்கும். கிளாம்பை இறுக்கினதும் அந்த உதடு போய் மேல் திறப்பைப் பாதி மூடிவிடும். டயஃப்ரத்துக்குக் கீழே காற்று போகாமல் ஸ்லைடு எப்படி எழும்பும்? தாமதமாகத்தான் எழும்பும். நீங்கள் ஜெட் ஏற்றி ஏற்றிப் பார்த்தாலும் இது போகாது. இதற்காக வந்த வண்டிகளில் மெயின் ஜெட்டைக் கண்டபடி ஏற்றி, மைலேஜ் இருபதுக்கு வந்த பிறகும் தயக்கம் போகாததை நான் பார்த்திருக்கிறேன்.

கையோடு டயஃப்ரத்தையும் பார்த்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளை இருந்தால் தெரியும். கார்ப்பரேட்டரில் இருக்கும்போதே ஸ்லைடை விரலால் மெல்லத் தூக்கி விட்டால் நிதானமாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் கிழிசல்.

பொள்ளாச்சிக் காற்று விஷயம் இதிலேயே சேரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா இல்லை, அந்தப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். திறந்த ஃபில்டர் மேல் அது அடித்தால் கார்ப்பரேட்டர் வாயில் அழுத்தம் ஏறி இறங்கும், பௌலுக்கு அது தெரியாது, ஸ்லைடு ஆடும். பாக்ஸ் இருந்தால் இந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும்.

கணக்காகவே சொல்கிறேன். 346 சிசி ஒற்றை சிலிண்டர், 5000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2500 தடவை காற்றை இழுக்கும், நொடிக்கு நாற்பதுக்கு மேல். அதிகபட்சம் நிமிடத்துக்கு 865 லிட்டர். ஆனால் சீராக இழுக்காது. ஒரு மடக்கு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு மடக்கு. கிணற்றிலிருந்து வாளி வாளியாக மொண்டாலும் வாய்க்காலில் சீராகத் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் நடுவில் ஒரு தொட்டி வேண்டும் இல்லையா, அந்தத் தொட்டிதான் பாக்ஸ். ஒற்றை சிலிண்டருக்கு அது ரொம்பவே முக்கியம்.

ஆர்எக்ஸ் தம்பிக்கு: உங்கள் வண்டியில் ஸ்லைடைக் கேபிளே நேராகத் தூக்குகிறது, அதனால் இந்த டயஃப்ரம் வம்பு அங்கே இல்லை. அதற்கு ஒத்துவந்தது இதற்கும் வரும் என்று சொல்ல முடியாது. சத்தத்தை அடக்க மட்டும்தான் பாக்ஸ் என்பதையும் நான் ஏற்கவில்லை. சத்தத்தை அடக்குவது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.


ஆர்எக்ஸ்_பைத்தியம்:

சிவி விஷயம் எனக்குத் தெரியாது, சரி அண்ணா. ஆனால் ஃபில்டர் மாட்டினதும் பிக்கப் கூடினது நிஜம், நான் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.


ஸ்பேனர்:

கூடியிருக்கலாம். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஃபோனை ஸ்பீடாமீட்டருக்கு நேராகக் கட்டி வீடியோ ஓடவிட்டு, ஒரே ரோட்டில், ஒரே கியரில் 40-லிருந்து 70 வரை முழுதாக முறுக்குங்கள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. பாக்ஸோடு, பாக்ஸ் இல்லாமல். வீடியோவில் நொடியை எண்ணுங்கள். காதுக்குப் பக்கத்தில் கர்ரென்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் வண்டி வேகமாகப் போவதாகவே தோன்றும். எனக்கும் தோன்றும். அதனால்தான் கடிகாரம்.

இன்னொன்று, ஃபில்டர் இப்போது இருக்கும் இடத்தைப் பாருங்கள். சிலிண்டருக்குப் பின்னால், சூட்டுக்குள். காற்று பத்து டிகிரி சூடானால் அடர்த்தி மூன்று சதவீதம் போகிறது. கோவை ட்ராஃபிக்கில் ஊர்ந்தால் பத்து டிகிரி ஒன்றுமே இல்லை.


குமரிக்காற்று:

மழை பற்றி யாரும் சொல்லவில்லை. நாகர்கோவிலில் எங்களுக்கு இரண்டு மழைக்காலம். நண்பன் ஒருவன் தண்டர்பேர்டில் இதே மாதிரி கோன் போட்டிருந்தான். ஐப்பசி மழையில் தக்கலைப் பக்கம் போகும்போது முன்னால் போன பஸ் அடித்த தண்ணீர் நேராக ஃபில்டரில். பருத்தித் துணி நனைந்து ஒட்டிக்கொண்டது, வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. கழற்றிப் பிழிந்து, உதறி, அரை மணி நேரம் கடைத் திண்ணையில் காயப்போட்டுத்தான் கிளப்பினோம். மேலே மாட்ட மழை உறை விற்கிறார்கள். அதை மாட்டினால் காற்றோட்டம் குறைகிறது, அப்புறம் எதற்கு கோன் என்று எனக்குத் தெரியவில்லை.


கோவை350:

ஸ்பேனர் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே கழற்றிப் பார்த்தேன். ரப்பர் கழுத்துக்குள் உதடு இருக்கிறது. மேல் திறப்பில் முக்கால்வாசியை மூடிக்கொண்டிருந்தது, ரப்பரில் அந்தத் திறப்பின் அச்சே பதிந்திருக்கிறது. டயஃப்ரம் நன்றாக இருக்கிறது, ஸ்லைடும் நிதானமாக இறங்குகிறது. உதட்டைக் கட்டர் வைத்து வெட்டிவிட்டு மாட்டினேன். சிக்னல் தயக்கம் போயே போய்விட்டது! பாதி ஆக்சிலேட்டர் விக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பௌலைத் திறந்து ஜெட்டையும் பார்த்தேன். மானுவலில் இருக்கும் அதே எண்கள்தான், மெயினும் சரி, பைலட்டும் (ஐடிலுக்கான சின்ன ஜெட்) சரி. முந்தைய ஓனர் ஃபில்டரை மாட்டியதோடு சரி, ஜெட்டைத் தொடவே இல்லை.

பழைய பிரீதர் ஹோஸ் ஒன்று எங்கேயும் சேராமல் தொங்குகிறது, முனையில் எண்ணெய்ப் பிசுக்கு. அதுவும் பாக்ஸுக்குப் போக வேண்டியதா?

இப்போது கேள்வி: இந்த மிச்ச விக்கலுக்கு ஜெட் மாற்றினால் போதுமா? போதும் என்றால் கோனையே வைத்துக்கொள்ள ஆசை.


ஸ்பேனர்:

ஆமாம், பிரீதர் ஹோஸ் பாக்ஸில்தான் போய்ச் சேரும். என்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே தங்கி, காற்றோடு திரும்ப எரியும். தொங்கவிட்டால் பின் டயர் பக்கம் எண்ணெய் சொட்டும். கோனோடு ஓட்டுவதென்றால் அந்த எண்ணெயைப் பிடிக்க ஒரு சின்ன கேட்ச் கேன் வைக்காமல் விடாதீர்கள்.

ஜெட்டால் சரிசெய்ய முடியும். முடியாது என்று சொன்னால் பொய். ஆனால் "ஒரு சைஸ் ஏத்திடலாம்" என்பதில் உங்கள் விக்கல் போகாது. மெயின் ஜெட் பேசுவது முக்கால் ஆக்சிலேட்டருக்கு மேலே. கால்வாசியிலிருந்து முக்கால் வரை ஊசியின் ராஜ்ஜியம். உங்கள் கோளாறு பாதியில். அதனால் ஊசியைத் தூக்க வேண்டும், அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போட்டாலே வித்தியாசம் தெரியும். காலைச் சோக் பிரச்சினை பைலட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவும் சம்பந்தப்பட்டது. அந்த ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும்.

செய்யும் வரிசை: முழு ஆக்சிலேட்டரில் மெயினை முதலில் முடியுங்கள், ஜெட் எண்ணை 2.5 வீதம் ஏற்றிப் பாருங்கள், அப்புறம் ஊசி, கடைசியில் பைலட். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால், கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் ஓடவிட்டு அதன் மேல் டபிள்யூடி-40 லேசாக அடித்தால் என்ஜின் சத்தம் மாறக்கூடாது. மாறினால் அங்கே காற்று ஓட்டை, அதை வைத்துக்கொண்டு எந்த ஜெட்டும் பிடிபடாது. பிளக் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இந்தக் காலப் பெட்ரோலில் நிறம் ஏறவே ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் செய்தால் வண்டி நன்றாக ஓடும். பொள்ளாச்சிக் காற்றில் துள்ளுவது மட்டும் போகாது, மழையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தூசி. சூலூர் ரோட்டில் தினமும் லாரிகளுக்குப் பின்னால் போகிறீர்கள். ஒரு வேலை செய்யுங்கள்: ஃபில்டரைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியைச் சுட்டு விரலில் சுற்றி, கார்ப்பரேட்டர் வாயின் உள்சுவரைத் துடைத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் ஃபில்டர் வேலை செய்கிறது. சாம்பல் நிறத்தில், விரலில் நெருநெருவென்று வந்தால் மண் உள்ளே போகிறது என்று அர்த்தம். அது மணல் பொடி, பிஸ்டன் ரிங்கையும் போரையும் (சிலிண்டர் உள்சுவர்) உரசும்.

நல்ல கம்பெனிப் பருத்தி ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, அளவாக எண்ணெய் தடவி வைத்திருந்தால் தூசியைப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. எண்ணெய் இல்லாத பருத்தி சல்லடைதான். உங்கள் கோன் கடைசியாக எப்போது எண்ணெயைப் பார்த்தது?

என்னைக் கேட்டால், வேலைக்குப் போய்வரும் வண்டி, பாக்ஸை மாட்டுங்கள். புதிதாக வாங்க யோசித்தால் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் தேடலாம். பாக்ஸோடு கார்ப்பரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயும் சேர்ந்து வர வேண்டும்; குழாய் விறைத்துப்போயிருந்தால் அதை மட்டும் ஷோரூமில் புதிதாக வாங்குங்கள். உள்ளே பேப்பர் ஃபில்டர் புதிது. பழையதை ஊதி மாட்டாதீர்கள். சத்தம் வேண்டுமென்றால் பாக்ஸுக்குள் வைக்கிற மாதிரி பருத்தி ஃபில்டர் கே அண்ட் என் மாதிரி கம்பெனிகள் செய்கின்றன. கொஞ்சம் சத்தம் வரும். ஜெட்டை அநேகமாகத் தொட வேண்டியிருக்காது.


ட்வின்650:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இன்டர்செப்டர் 650. இன்ஜெக்ஷன் வண்டிதானே, கோன் போட்டால் அதுவே சரிசெய்துகொள்ளாதா?


ஸ்பேனர்:

ஓரளவுக்குத்தான். சைலன்சரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டுப் பெட்ரோலைச் சரிசெய்வது சீராக ஓட்டும்போது மட்டும். முழுதாக முறுக்கினால் சென்சார் பேச்சைக் கேட்காது, கம்பெனி எழுதி வைத்த மேப்பை, அதாவது பெட்ரோல் அளவுப் பட்டியலைப் பார்த்து ஊற்றும். அந்த மேப் பாக்ஸ் இருக்கிறது என்று நம்பி எழுதினது. பாக்ஸுக்குள் வைக்கும் ஃபில்டர் என்றால் கவலை வேண்டாம். பாக்ஸையே எடுத்தால் பிக்கிபேக் கிட்டும் (பெட்ரோல் அளவை மாற்றும் கூடுதல் பெட்டி) டைனோவும் (என்ஜின் சக்தியை அளக்கும் மேடை) தேவைப்படும். அந்தக் காசில் நல்ல டயர் போடலாம் என்பது என் கருத்து.


கோவை350:

உக்கடத்தில் பாக்ஸ் கிடைத்தது. குழாயும் பேப்பர் ஃபில்டரும் புதிது. பிரீதர் ஹோஸைச் செருகிவிட்டேன். பாதி ஆக்சிலேட்டர் விக்கல் இல்லை, சோக்கும் கொஞ்ச நேரத்தில் விட முடிகிறது. சத்தம் போய்விட்டதில் வருத்தம்தான். ஆக்சிலேட்டரை விடும்போது வெடிப்பது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. அந்த வெள்ளைத் துணியையும் பார்த்தேன் அண்ணா. சாம்பல் நிறம், நெருநெருவென்றுதான் இருந்தது. என்ஜினைத் திறக்க வேண்டுமா?


ஸ்பேனர்:

இப்போதே திறக்காதீர்கள். ஆயிலை மாற்றுங்கள், ஆயில் ஃபில்டரும் புதிது. வண்டியை நேராக நிறுத்தி, என்ஜினின் வலது பக்கம் இருக்கும் கண்ணாடி ஜன்னலில் ஆயில் மட்டத்தை மார்க்கர் வைத்துக் குறித்துக்கொண்டு 1000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கினாலோ, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை வந்தாலோ, கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துவிட்டுப் போரைப் பற்றிப் பேசலாம். இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மிச்ச வெடிச் சத்தம் அந்த வெளிக்கடைச் சைலன்சர் வேலை. ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட் இருக்கிறதா பாருங்கள், பாதிப் பேர் போடுவதே இல்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்குள் அந்த இணைப்பின் பக்கத்தில் கையைக் காட்டினால் காற்று அடிப்பது தெரியும்.